ஐந்தாம் மாசத்தில் எடுத்த கடைவாய்ப் பல்

இருக்கன்குடி மாரியம்மன் எனக்குச் செய்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆனி மாசம். எனக்கு வயிற்றில் ஐந்து மாசம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாசத்திலேயே கலைந்துபோனது. அந்தச் சமயம் காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். அதனால் இல்லை என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லியும் என் மனசு கேட்கவில்லை. ஆகவே இந்தப் பிள்ளை தங்கியதும் அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளை என் கைக்கு வருகிறவரை ஒரு மாத்திரை, ஒரு ஊசி தொட மாட்டேன், நீயே பார்த்துக்கொள், உன் கோயிலுக்குக் கரும்புத் தொட்டில் எடுத்து வருகிறேன் என்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையைக்கூடப் பீரோவில் சேலை அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அம்புட்டுப் பிடிவாதம் எனக்கு.

எங்களுக்குச் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம். என் வீட்டுக்காரர் ஆர்டர் பார்ப்பார். கலர் சரியாக வந்திருக்கிறதா என்று தாளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. சொல்வது என்றால், மிஷின் சத்தத்துக்கு மேல் கத்துவது. அப்படிப்பட்ட என் வாய் அந்த மாசம் பூட்டிக்கொண்டது.

வலது பக்கம் கீழே, கடைசிப் பல்லுக்கும் பின்னால், ஈறு புடைத்து வந்தது. ஞானப்பல். முன்பெல்லாம் ஒருநாள் வலிக்கும், கிராம்பை வைத்து அழுத்தினால் அடங்கும். இந்தத் தடவை அடங்கவில்லை. மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. ஐந்தாம் நாள் வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் இழுத்தது. உடம்பு கொதித்தது. கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் பல்லிடுக்கில் விட்டார்கள், பாதி வெளியே வழிந்தது. அச்சகத்தில் ராக்கெட் படம் போட்ட வேஸ்ட் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டித்தான் வேலை வாங்கினேன். "சீசன் நேரத்துல அச்சகம் இம்புட்டு அமைதியா இருந்ததே இல்ல" என்று பைண்டிங் பெண்கள் கேலி பண்ணினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

என் மாமியார் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். ஆறாம் நாள் காலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ பட்டினி கிடந்தா உனக்கு மட்டுமா ஆத்தா பட்டினி? உள்ள ஒரு உசுரு இருக்குல்ல" என்றார்.

நேர்ந்திருக்கிறேன் என்று தாளில் எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு எழுந்து போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிப் போங்கள் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் காட்டினேன். சன்னதியில் நல்ல கூட்டம். பூசாரி கொடுத்த திருநீற்றை வாயில் போடப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. உதட்டில் ஒட்டியதுதான் மிச்சம். எனக்கு மனசு உடைந்துவிட்டது. வாய் திறந்து கும்பிடவும் முடியாதவள் மனசுக்குள் கேட்டேன். தாயே, இந்தப் பிள்ளையையும் கொண்டுபோய்விடாதே. வாக்கு கொடுத்துவிட்டேன், மீறவும் பயமாக இருக்கிறது, தாங்கவும் முடியவில்லை. எனக்கு ஒரு வழி சொல்லு.

அப்போதுதான் வயிற்றுக்குள் சுளீர் என்று ஓர் உதை. அதுவரைக்கும் ஒரு அசைவுகூட எனக்குத் தெரிந்ததில்லை. கை வைத்தேன். மறுபடியும் உதைத்தது.

பிள்ளைக்குப் பசிக்கிறது. எனக்கு அதுதான் தோன்றியது. நான் கேட்டதற்கு அம்மன் வயிற்றுக்குள்ளிருந்தே பதில் சொல்லிவிட்டாள். மாத்திரை சாப்பிடாதே என்று அவள் எந்தக் காலத்தில் என்னிடம் கேட்டாள்? நானாக அல்லவா பேரம் பேசினேன்! என் பயத்தை அவள் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பக்தி என்று பேர் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அங்கேயே விழுந்து கும்பிட்டேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் விரலால் எழுதினேன்: பல் டாக்டர்.

சாத்தூரில் ஒரு டாக்டரம்மா. சின்னப் பெண்தான். இந்தப் பல் பெரும்பாலும் பதினேழிலிருந்து இருபத்தைந்து வயசுக்குள் முளைக்கும், சிலருக்குப் பிந்தியும் வரும் என்றார். தாடையில் இடம் இல்லாததால் என் பல் படுத்துக்கொண்டு அதற்கு முன்னால் இருக்கிற பல்லை முட்டுகிறதாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈறு இன்னும் சுலபமாக வீங்குமாம். என் பிரசவ டாக்டரிடம் போனில் பேசினார். ஐந்தாம் மாசம் இதற்குத் தோதான காலம்தான், பயப்படாதீர்கள் என்றார். வயிற்றை மறைத்துக் கனமான கவசம் போட்டு எக்ஸ்ரே எடுத்தார். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார். முதல் மாத்திரையை அம்மன் பெயரைச் சொல்லி விழுங்கினேன். நாலாம் நாள் வாய் திறந்தது. இரண்டு இட்லியைக் கரைத்துக் குடித்தேன்.

அடுத்த வாரம் பல்லை எடுத்தார். ஊசி குத்தியதுதான் வலி. பிறகு பாதி உதடு மரக்கட்டை. ஈறைக் கீறி, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்தார். வலி இல்லை, ஆனால் தாடையை யாரோ அமுக்கித் தள்ளுகிற மாதிரி இருந்தது. நறநறவென்ற சத்தம் மண்டைக்குள் கேட்டது. நான் வயிற்றில் கை வைத்தபடியே கிடந்தேன். உள்ளே என் தங்கம் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் தையலும் போட்டாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், துப்பாதீர்கள், உறிஞ்சிக் குடிக்காதீர்கள் என்றார். மூன்று நாள் கன்னம் பன் மாதிரி இருந்தது. ஆறிய கஞ்சியும் தயிர்ச்சோறும். ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். மறுநாளே அச்சகத்தில் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

ஒளித்து வைத்த சத்து மாத்திரையை என் மாமியார்தான் கண்டுபிடித்தார். திட்டவில்லை. தினமும் ஒன்றாக எடுத்து, தண்ணீரோடு நீட்டிக்கொண்டு நிற்பார். நான் விழுங்கிய பிறகுதான் நகர்வார்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. நானும் சுகம், அவளும் சுகம். மாரி என்று பேர் வைத்தோம்.

உங்களுக்கும் ஏதாவது கஷ்டம் இருந்தால் அவளிடம் போய்க் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பாள். ஆனால் இந்த வழியில்தான் கொடுக்க வேண்டும் என்று என்னைப் போல அவளுக்கே சட்டம் போடாதீர்கள். டாக்டர் வழியாகக் கொடுத்தால் அதையும் கையேந்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆனியில் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திக் கோயிலைச் சுற்றி வந்தோம். ஏழு மாசம். பூசாரி கொடுத்த திருநீற்றை விரலில் தொட்டு அவள் வாயில் வைத்தேன். நறுக்கென்று கடித்துவிட்டாள். கீழே இரண்டு பல், அரிசி அரிசியாக. நாங்கள் யாருமே அதுவரை பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு வலித்தது. விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.