முந்நூறு சவுக்குக் கன்றுகளும் வெள்ளையடித்த கற்களும்

சென்ற ஆண்டு அக்டோபரில், மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே ஒரு குப்பத்தில், எங்கள் பள்ளி மாணவர்களை அழைத்துப்போய் முந்நூறு சவுக்குக் கன்றுகள் நட்டேன். சுனாமி வந்துபோன மறு ஆண்டு அது. கடற்கரையில் மரம் நடாதவரே இல்லை என்னும் அளவுக்கு எல்லோரும் நட்டுக்கொண்டிருந்தோம். இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று யாரிடம் கேட்டாலும் "சூப்பரா இருக்குது சார்" என்ற ஒரே பதில்தான் வந்தது. யாரும் நேரில் பார்த்துச் சொல்லவில்லை என்ற சந்தேகம் எனக்கு. நாமே பார்த்துவிடுவோம் என்று ஆகஸ்ட் 12, சனிக்கிழமை கிளம்பினேன்.

திண்டிவனத்தில் காலை 6.40 பேருந்து. 6.40 என்றால் 7.15. கட்டணம் பதினொரு ரூபாய். மரக்காணம் போய்ச் சேர 8.30 ஆகிவிட்டது. அங்கிருந்து குப்பம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்.

"ஏம்பா, திண்டிவனத்துலருந்தே பதினோரு ரூபாயில வந்துட்டேனே?"

"அது பஸ்ஸு போற ரோடு சார். இது என் ஆட்டோ சாவுற ரோடு."

அறுபதுக்கு ஒப்புக்கொண்டு, உப்பளத்து வரப்பு தொடங்கும் இடத்திலேயே இறக்கிவிட்டார். "இதுக்கு மேல மணலு. வண்டி மாட்டிக்கும், நீங்க நடங்க." ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். இரு பக்கமும் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெளிச்சம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் இந்த வழியில் போகாதீர்கள்.

நட்ட இடத்தை அடைந்ததும் வழி தவறிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சவுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிறகு கற்கள் தெரிந்தன. ஒவ்வொரு கன்றுக்கும் நான்கு கல் வைத்து, சுண்ணாம்பு அடித்து, கயிறு பிடித்து வரிசை பார்த்திருந்தேன். மணல் மட்டுமே உள்ள ஊருக்குத் திண்டிவனத்திலிருந்து வேனில் கல் ஏற்றிக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தக் கற்களில் பாதி மணலில் புதைந்து கிடந்தன. மீதி, வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கையில் தூக்குவாளியோடு உப்பளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், நின்று என்னைப் பார்த்தார். பெயர் தனலட்சுமி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"கன்னு நட்ட வாத்தியார்தானே நீங்க?"

"ஆமாம்மா. இதெல்லாம் என்ன ஆச்சு?"

"கல்லு நல்லா வளந்திருக்குது பாருங்க சார்."

சிரிப்பு வரவில்லை. தண்ணீர் ஊற்றவில்லையா, ஆடு மேய்ந்ததா, யாராவது பிடுங்கினார்களா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணியெல்லாம் ஊத்தனோம் சார். நீங்கதானே பசங்கள விட்டு அடப்பங்கொடி, ராவணன் மீசை எல்லாத்தையும் வேரோட புடுங்கிப் போட்டீங்க, சுத்தமா இருக்கணும்னு? மணலப் புடிச்சிட்டு இருந்ததே அதுங்கதான். சித்திரையில காத்து அடிச்சிது, மணலு நவுந்து வந்து மூடிக்கிச்சு."

முப்பத்து மூன்று ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் நான். வேர் மண்ணைப் பிடித்துவைக்கும் என்று எத்தனை முறை கரும்பலகையில் படம் வரைந்திருப்பேன்! ஆனால் ஒரு வெளியைப் பார்த்தால் முதலில் பள்ளி மைதானத்தைப் போலச் சுத்தம் செய்யத்தான் கை போகிறது.

"அது போவட்டும் சார்," என்று தனலட்சுமி தெற்கே கைகாட்டினார். "அதத்தான் காப்பாத்தணும்."

அங்கே பழைய புதர்க்காடு ஒரு துண்டு இருந்தது. காரை, சூரை, காசான், இடையிடையே பனை. அழகென்று சொல்ல முடியாது. உள்ளே நுழைந்தால் சட்டை கிழியும். அதற்குப் பின்னால்தான் தனலட்சுமியின் வீடும் இன்னும் எட்டு வீடுகளும். சுனாமியன்று தண்ணீர் அந்தப் புதரில் வேகம் குறைந்து, முழங்கால் அளவுதான் வந்ததாம். வருகிற வியாழக்கிழமை ஜேசிபி வந்து அதைத் தள்ளிவிட்டுச் சவுக்கு நடப்போகிறார்கள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம்.

"யார் சொன்னது?"

"தலைவருதான். உங்க ஃபோட்டோவ மாட்டி வச்சிருக்கார், போய்ப் பாருங்க."

போனேன். ஊராட்சி அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் மரக்காணத்தில். தலைவர் எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டால் மூன்று திசை. கடைசியில் 11.20க்கு டீக்கடையில் பிடித்தேன். நல்ல மனிதர். எனக்கு டீ சொல்லிவிட்டு, ஆள் அனுப்பி அலுவலகத்தைத் திறக்கவைத்தார். உள்ளே சுவரில், சட்டம் போட்டு, நான் நட்ட அன்று எடுத்த படம். நூல் பிடித்த வரிசை, வெள்ளைக் கற்கள், நடுவில் நான்.

"மேல இருந்து யார் வந்தாலும் இதத்தான் சார் காட்டறது. இதே மாதிரி பண்ணிடலாம்னு சொல்லிட்டோம். தேர்தல் வேற வருது."

"அந்த இடத்த அப்புறம் போய்ப் பார்த்தீங்களா?"

"ஃபோட்டோதான் இருக்குதே சார்!"

கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? படத்தில் இருப்பவன் நான்தானே. அவருடைய டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து, அவரையும் அந்த இடத்துக்கு அழைத்துப்போனேன். அவர் கற்களை நெடுநேரம் பார்த்தார். "செடி எங்க சார்?" என்றார். அதற்குள் தனலட்சுமியும் இன்னும் நான்கு பெண்களும் உப்பளத்திலிருந்து வந்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த முறையில் ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு வகுப்பில் நாற்பது பேரும் ஒரே பையனைப் பார்த்துத் தேர்வு எழுதினால், அவன் தப்பு செய்த இடத்தில் நாற்பது பேரும் தப்பு செய்வார்கள். ஒரே வயதுச் சவுக்கு மட்டும் நட்டால் அப்படித்தான். ஒரு புயலோ பூச்சியோ போதும், எல்லாம் ஒன்றாகச் சாயும். வெயில் ஆண்டுக்காண்டு ஏறுகிறது, மழை நினைத்த நேரத்துக்கு வருகிறது. எது பிழைக்கும் என்று நமக்குத் தெரியாத காலத்தில் பல வகையும் பல வயதும் கலந்த காடுதான் தாங்கும். அது இங்கே ஏற்கெனவே நிற்கிறது. நடுவதற்கு இடம் வேண்டுமென்றால், புதருக்குள் லாரி போய்ப் போய் மொட்டையாகிப்போன சந்து இருக்கிறது. அங்கே பனங்கொட்டை, புங்கன், பூவரசு போடுங்கள். கொடியைத் தொடாதீர்கள்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா பொதர காட்டி வர்றவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? வேலையே நடக்கலம்பாங்க. பாத்தா நீட்டா இருக்கணும் இல்ல?"

"ஏன் தலைவரே, நீட்டா இருந்தா தண்ணி நிக்குமா?" என்றார் ஒரு பெண். "போன தடவ உங்க காம்பவுண்டு சுவரு நீட்டாத்தானே இருந்திச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் ஜேசிபி வராது என்று சொல்லவில்லை.

வழி சொன்னவர் தனலட்சுமிதான். "அந்தக் கல்லக் குடுங்க சார். பொதர சுத்தி வச்சி வெள்ள அடிச்சிடறோம். பாக்கறதுக்கு நீட்டும் ஆச்சு, ஜேசிபிக்காரனுக்கு எல்லையும் ஆச்சு."

தலைவர் இரண்டு முறை புதரைச் சுற்றி நடந்துவிட்டு, "சுண்ணாம்பு நான் தர்றேன்" என்றார். நான் என் பங்குக்கு, கன்றுகள் பட்டுப்போனதையும், கொடியைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் படத்துக்குக் கீழேயே ஒட்டச் சொன்னேன். மதிய வெயிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கல் சுமந்தோம். என் பங்கு இருபத்திரண்டு கல். அதற்கு மேல் இடுப்பு விடவில்லை. மாலை 4.50 பேருந்து 5.40க்கு வந்தது.

வியாழக்கிழமை டீக்கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். ஜேசிபி வந்ததாம். கல்லைப் பார்த்ததும் ஓட்டுநர், "கோயில் எடமா?" என்று கேட்டாராம். யாரும் "இல்லை" என்று சொல்லவில்லையாம். குப்பத்துப் பாதையை மட்டும் சமன் செய்துவிட்டுத் திரும்பிவிட்டார். இந்த ஆண்டுக்கு அது போதும். அடுத்த தலைவர் யாரோ, அவரிடமும் போய்ப் பேசத்தான் வேண்டும்.

கடற்கரையில் மரம் நடக் கிளம்பும் நண்பர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து போக வர, டீ உட்பட, எனக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் ஆனது (திரும்பும்போது தலைவர் வண்டியில் மரக்காணம் வந்துவிட்டேன்). தண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள். கன்று கொண்டுபோகும் முன் வெறுங்கையோடு ஒருமுறை போய், ஏற்கெனவே என்ன நிற்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். நட்ட அன்று எடுக்கும் படத்தை எங்கும் மாட்டாதீர்கள். ஓராண்டு கழித்துப் போய் எடுத்து மாட்டுங்கள்.

அந்தக் குப்பத்துப் பக்கம் போனால், புதரைச் சுற்றி வெள்ளைக் கற்களைப் பார்ப்பீர்கள். நான் நட்டவற்றில் பிழைத்தவை அவைதான்.