போட்டோவில் வராத துளி

என் தங்கை அன்புச்செல்விக்கு மண்டைக்குள் கட்டி என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குவிந்துவிட்டார்கள். ஆபரேசன் முடிந்து டாக்டர் அந்தக் கட்டியைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். எலுமிச்சங்காய்ப் பருமன் இருந்தது. மூளையில் இல்லை, மூளையைப் போர்த்தியிருக்கிற உறையில் முளைத்ததாம், புற்றும் இல்லையாம். அவள் புருஷன் தம்பிதுரை அதைப் போனில் படம் பிடித்து, "வேரோட புடுங்கியாச்சுங்க" என்று எழுதி ஊருக்கே அனுப்பினான். கண்ணால் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கும் வரவில்லை.

அன்பு லேசுப்பட்டவள் இல்லை. சூலூரில் பஸ் ஏறித் திருப்பூர் போய், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று நாளெல்லாம் நின்றுகொண்டே பார்ப்பாள். உட்காரேன் என்றால், "உக்காந்தா தூக்கம் வந்துருமக்கா" என்பாள். மழித்த முடி வளர்ந்ததும் பழையபடி அதே பஸ், அதே வேலை.

ஆறு வருஷம் கழித்து அவளுடைய இடது கால் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. விழுந்ததே அவளுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அவிநாசித் தேரன்று நானே சிரித்தேன். "ஏம்புள்ள, காலைத் தூக்கி வெச்சு நடக்கக்கூடத் தெரியாதா?" என்று கேட்டேன். இந்த வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும். நாலு மாதம் செருப்பை மாற்றி மாற்றி வாங்கினாள். ஒருநாள் கம்பெனியிலேயே வலிப்பு வந்து விழுந்தாள்.

புது ஸ்கேனைப் பார்த்த அதே டாக்டர், "இத்தனை வருஷம் ஏம்மா வரலை?" என்றார்.

"எதுக்குங்க வரோணும்? வேரோட எடுத்தாச்சுன்னாங்களே" என்றாள் அன்பு.

டாக்டர் தம்பிதுரையைப் பார்த்தார். "பெரிய ரத்தக் குழாய்ல ஒட்டிக்கிட்டு ஒரு துளி இருந்துச்சு. அதைச் சுரண்டியிருந்தா உயிரே போயிருக்கும், அதனால விட்டுட்டேன். சாதுக் கட்டிதான், ஆனா மிச்சம் இருந்தா மெதுவா வளரும், வருஷா வருஷம் ஸ்கேன் எடுங்கன்னு உங்ககிட்டத்தானே சொன்னேன்?"

சின்னதாக இருந்தபோதே தெரிந்திருந்தால் மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சு வைத்தே அடக்கப் பார்த்திருக்கலாமாம்.

"பயந்துக்குவான்னு சொல்லாம உட்டுட்டனுங்க. நல்லாத்தான இருந்தா..." என்றான் தம்பிதுரை. கூறுகெட்ட மனுஷன்! அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்புதான் என் கையை அழுத்திக்கொண்டாள்.

இரண்டாவது ஆபரேசனில் உயிர் தப்பியது. கால்கள் இரண்டும் தப்பவில்லை.

போன வாரம் சொந்தக்காரர்கள் பழப்பையோடு அவள் வீட்டுக்குப் பார்க்க வந்தார்கள். "எடுத்த கட்டி எப்படிங்க மறுக்கா வந்துச்சு?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"எல்லாம் விதிங்க" என்றான் தம்பிதுரை.

"விதி இல்லீங்க" என்றாள் அன்பு. "மிச்சம் இருக்குதுன்னு டாக்டரு இவருகிட்டச் சொல்லிப்போட்டாரு. என்ற தலைக்குள்ள இருந்தது எனக்குத்தானுங்க தெரியாது."

தம்பிதுரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்?

கொஞ்ச நேரத்தில் அன்பு கட்டிலில் நெளிய ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏனுங்க, பாத்ரூம் போகோணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.