மாரியின் பேய்க்கு ஏழு சாட்சிகள்

இன்று காலை ராயபுரம் டிராமில், நான் கணக்கெழுதும் கரிக்கிடங்கின் கூலிகள் ஏழு பேர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்செல்லாம் மாரியின் பேயைப் பற்றித்தான்.

மாரி, போன மாதம் பாரந்தூக்கியின் கயிறு அறுந்து, கரிக்கூடை தலையில் விழுந்து செத்தவன்.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் ரைட்டரய்யா. அதே கயித்தப் புட்சிகினு தொங்கிகினு கீறான்" என்றான் ஒருவன்.

"தலையில ரத்தம் இன்னும் காயல" என்றான் இன்னொருவன்.

இடம், நேரம், வேட்டியின் கிழிசல் எதிலும் ஏழு பேருக்கும் வித்தியாசமே இல்லை. இதைவிடப் பலமான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

"அப்போ கயிறு அறுந்ததையும் பாத்திருப்பீங்களே?" என்று கேட்டேன்.

ஆறு தலைகள் மூத்தவர் பக்கம் திரும்பின.

அவர் சொன்னார்: "அத்தச் சொன்னா மறுநாள் மேஸ்திரி நம்ம பேரக் கூப்புடுவாரா நைனா? பேயி வேலையப் புடுங்காது."

போன மாதம் நடந்த விசாரணையில் இந்த ஏழு பேரும் எதையுமே பார்க்கவில்லை என்றார்கள். 'இறந்தவனின் கவனக்குறைவு' என்று அறிக்கையில் அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்.

கிடங்குக்குப் போனதும் அண்ணாந்து பார்த்தேன். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அதே கயிற்றில்தான் கூடை ஏறிக்கொண்டிருந்தது. பேயை விரட்ட மேஸ்திரி அதில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். பழம் மட்டும் புதிது.

பேயே கிடையாது என்று வாதாடும் நண்பர்களே, அந்தக் கயிற்றுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று காட்டுவீர்களா?