விற்காத பாம்பும் தின்னும்

நாகேஸ்வரன் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் மொத்தச் சந்தையில் வெண்டிக்காய்ப் பெட்டியொன்றைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அழைத்தவர் அவருடைய மனைவி மங்கை அக்கா. "தம்பி, இவர் காலமை பாம்புகளைப் பார்க்கக் கீழ நிலவறைக்குப் போனவர். கதிரையில இருந்தபடியே போயிட்டார்," என்றார். நான் எசன் நகருக்கு வண்டியைத் திருப்பி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அக்காவின் தொலைபேசி இன்னொரு முறை அடித்திருக்கிறது. ஊர்வன விற்கும் ஜேர்மன்காரர் ஒருவர் வேறு அலுவலாக அழைத்திருக்கிறார். அக்கா அழுதுகொண்டே விடயத்தைச் சொல்லியிருக்கிறார். அனுதாபம் ஒரு வரி. அடுத்த வரியில், முட்டையிடும் பெட்டைப் பாம்புகள் எத்தனை, என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டாராம். உடல் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவன் நான். அன்றைக்கு வியாபாரம் என்ற சொல்லே வாயில் கசந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்கா கேட்டார். "பாம்புக் கதையை விட்டிட்டு எழுதுங்கோ," என்று நம்மவர் இருவர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர் வீட்டில் தேநீர் குடிக்க அருவருத்தவர்கள் அவர்கள். பாம்பை விட்டால் அந்த மனிதரின் கடைசிப் பத்து வருடத்தையும் விட வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு ஜேர்மனிக்கு வந்தவர்களுள் நாங்களும் இருவர். அகதி விடுதியில் ஒரே அறை. நான் வந்த இரண்டாம் மாதமே சிகரெட் வாங்கிச் சில்லறையாக விற்கத் தொடங்கினேன். அண்ணை மற்றவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார். "ஏதும் வாங்கினால் என்ன?" என்று கேட்டேன். "வாங்கினால் அடுத்தவன் வரக் கூச்சப்படுவான்," என்றார். அவருக்கு வியாபாரம் வராது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தார். முழங்கால் இரண்டும் பழுதாகி ஓய்வுக்கு வந்த வருடம், கூட வேலை செய்த ஜேர்மன் நண்பர் வீடு மாறும்போது ஒரு சோடி மலைப்பாம்பை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஆபிரிக்க இனம், பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெட்டை ஆறு முட்டை இட்டது. அண்ணை என் கடைக்கு வந்தார்.

"ஆறும் பொரிச்சிட்டுது. ஒரு குட்டியை வித்தால் பாண் போட்ட ஒரு கிழமைச் சம்பளம் வருமாம். நீ வியாபாரி, சொல்லு."

"அண்ணை, எனக்குப் பாம்பைத் தெரியாது. கண்டாலே குமட்டும். ஆனால் சரக்கைத் தெரியும். என்ர வெண்டிக்காய் விக்காட்டி வாடும், எறிவன். நட்டம் அண்டைக்கே முடிஞ்சிடும். உங்கட சரக்கு விக்காட்டியும் தின்னும். எத்தினை வருசம் கிடக்கும்?"

"இருபத்தைஞ்சு, முப்பது எண்டு சொல்லுகினம்."

"அப்ப எங்கள் ரெண்டு பேரையும் தகனம் செய்துபோட்டுத்தான் போகும்."

சிரித்தார். கேட்கவில்லை.

பாம்பு வளர்த்துக் குட்டி விற்றுப் பிழைக்கலாம் என்று இதை வாசிக்கும் யாராவது நினைத்தால், நான் கண்டதைச் சொல்கிறேன். இரவு பகல் சூடு கொடுக்க வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒருநாள் பழுதானால் பாம்புக்குச் சளி பிடிக்கும், அல்லது உள்ளே வெந்துபோகும். பாம்பு பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர் இரண்டு நகரம் தள்ளி இருப்பார். அவரைப் பார்க்க டெர்மின், அதாவது நாள் குறித்துத் தரக் காத்திருக்க வேண்டும். புதிதாக வாங்கிய ஒன்று உண்ணி கொண்டுவந்தால் வீட்டிலுள்ள அத்தனைக்கும் ஏறும். குட்டி முதல் இரையைத் தொட மறுக்கும். பெட்டை முட்டைக் காலத்தில் மாதக்கணக்காகத் தின்னாது. விற்று வந்தது மின்சாரத்துக்கே காணாது. எல்லாவற்றிலும் மேலாக, இரைக்கு வாங்கிய உறைந்த எலியை வெந்நீரில் இளக்கும்போது எழும் மணம். வெள்ளிக்கிழமை விரதக்காரி மங்கை அக்கா, மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு சமைப்பார்.

எலிப் பைகளுக்கு இடம் காணாமல் ஒருநாள் அண்ணை கேட்டார்:

"உன்ர கடைக் குளிர்பெட்டியில ஒரு மூலை சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கு. எலியை வைச்சால் சுகாதாரப் பகுதி வந்து என்னையும் அதுக்குள்ள வைச்சுப் பூட்டும்."

அவரிடம் வண்டி இல்லாததால் ஊர்வனச் சந்தைக்கு நான்தான் ஏற்றிப் போவேன். பழத்துண்டு விற்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களில், மூடியில் நாலு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். நீள மேசைகளில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, அசையாவிட்டால் ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார்கள். மீனைக்கூட நான் அப்படிக் குலுக்க விடமாட்டேன்.

அங்கேதான் அண்ணை சிலந்திவலைக் கோலம் போட்ட ஆண் பாம்பொன்றை வாங்கினார். அந்தக் கோலத்தோடு ஒரு வியாதியும் இரத்தத்தில் கூடவே வரும். தலை நில்லாது, ஆடும், சில வேளை தலைகீழாக முறுகும். அடுத்த வருடம் பொரித்த குட்டிகளில் பாதி அப்படியே வந்தன. "ஐஸ்பெட்டிக்குள் போட்டுக் கொன்றுவிடு, எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்," என்றார் சந்தையில் பக்கத்து மேசைக்காரர், பாண் துண்டைக் கடித்தபடி.

அண்ணையின் முகம் கறுத்தது. வண்டியில் திரும்பி வரும் வழியில் சொன்னார். "பிள்ளை இல்லாமல் நாகதம்பிரானுக்கு நேர்ந்து பெத்த பிள்ளை எண்டுதான் அம்மா எனக்கு இந்தப் பேர் வைச்சவ. நான் பாம்பை ஐஸ்பெட்டியில போடுறதோ? ஏலாது."

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் இதை மறைக்க எனக்கு மனமில்லை. கொல்லமாட்டேன் என்ற அதே மனிதர் அடுத்த வருடமும் அதே சோடியைச் சேர்த்தார். கோலம் இருந்தும் ஆட்டம் வெளியே தெரியாத குட்டிகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆடுகிறவை பெட்டி பெட்டியாக நிலவறையில் சேர்ந்தன. நேர்த்திக்குப் பிறந்தவர் கொல்வதற்குத்தான் பயந்தார். பிறப்பிப்பதும் பாவமாகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

என் பங்கையும் எழுத வேண்டும். ஒரு சந்தையில் பீலெஃபெல்ட் நகரிலிருந்து வந்த தாதி ஒருவர், நல்லவற்றோடு கலந்து வந்துவிட்ட ஆடும் குட்டியொன்றைக் காட்டி, ஏன் தலை இப்படி என்று கேட்டார். அண்ணை தேநீர் வாங்கப் போயிருந்தார். "கூச்சம். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்," என்று சொல்லி நான் விற்றேன்.

அடுத்த சந்தைக்கு அந்தத் தாதி பாம்பையும் கொண்டு வந்தார். இரையைக் குறிபார்த்துக் கவ்வ அதனால் முடியவில்லை. முதுகெலும்பு தோலுக்கு மேலால் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை, அழுதார். அண்ணை பணத்தைக் கொடுத்து, பாம்பை வாங்கிச் சட்டைக்குள் சூடாக வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"உன்ர கடையில அழுகின தக்காளியை அடியில வைச்சு விக்கிறனியோ?"

"இல்லை அண்ணை."

"பின்ன இது?"

சட்டைக்கு மேலால் பாம்பைத் தடவினார். பிறகு, "உன்னை மட்டும் சொல்லி என்ன? இதைப் பிறக்க வைச்சவன் நான்," என்றார். அந்தக் கிழமையே ஆண்களையும் பெட்டைகளையும் வேறு வேறாகப் பிரித்தார். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு முட்டையும் இல்லை. மீதி வருடங்கள், விற்க முடியாதவற்றுக்குத் தீனி கொடுப்பதிலேயே போயின. நெஞ்சு வருத்தம் தொடங்கிய பின் என்னிடம் ஒன்று கேட்டார்:

"நல்லதுகளுக்குக் கனபேர் வருவினம். தலை நில்லாததுகளை ஒருத்தரும் கேளாயினம். அதுகளைக் கைவிட்டிடாதை."

தகனம் முடிந்த மூன்றாம் நாள், தொலைபேசியில் விலை கேட்ட அந்த வியாபாரி மங்கை அக்கா வீட்டுக்கு நேரே வந்தார். முட்டையிடும் பெட்டைகளை நல்ல விலைக்கு எடுக்கிறாராம்; ஆடுகிறவற்றை, "உங்களுக்கு உதவியாக" இலவசமாகவே கொண்டுபோகிறாராம். கொண்டுபோய் எந்தப் பெட்டிக்குள் போடுவார் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக விலையைக் கேட்காமல் கதவைச் சாத்தினேன்.

நல்லவற்றுக்கு, இனப்பெருக்கம் செய்வதில்லை என்று எழுதித் தந்த இரண்டு காப்பகங்களில் இடம் கிடைத்தது. மற்றவற்றை எடுக்க அங்கும் இடமில்லை. வைத்தியர் வந்து பார்த்தார். வேதனையில் கிடந்த இரண்டை ஊசி போட்டு உறங்கச் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். மீதி ஏழு. "அதுகள் இந்த வீட்டுக்க வந்தால் நான் வெளியால," என்று என் மனைவி சொல்லிவிட்டார். அதனால் அவை மங்கை அக்காவின் நிலவறையிலேயே இருக்கின்றன. சனிக்கிழமை கடை பூட்டியபின் நான் போகிறேன்.

முதல் சனி, இடுக்கியில் எலியைப் பிடித்து நீட்டினேன். பாம்பு மூன்று தரம் பாய்ந்தது. மூன்று தரமும் கண்ணாடியில் அடித்துக்கொண்டது. கையை உள்ளே விட்டு, அதன் கழுத்தை இரண்டு விரலால் தாங்கினேன். குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இளஞ்சூடாக இருந்தது. தலை நின்றது. கவ்விக்கொண்டது. விழுங்கி முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அண்ணை, ஏழில் ஆறு தின்றுவிட்டன. ஒன்று மூன்று கிழமையாகத் தின்னவில்லை. வருகிற சனி மறுபடி பார்ப்பேன். நீங்கள் போய் வாருங்கோ.