கருவாட்டுத் தண்ணீரில் ஊறிய உளிகள்

அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசைகூட முடியவில்லை. அதற்குள் அவருடைய உளிகளை மாமா கருவாட்டுத் தண்ணீருக்குள் போட்டுவிட்டார்.

அப்பா ஓடாவி. எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் வள்ளமும் கதவும் செய்தவர். மாமா அம்மாவின் தம்பி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருதரம்கூட எட்டிப் பார்க்காதவர். பழைய இங்கிலீசு உளிகளைச் சேர்க்கிற ஒரு பெரிய மனிதர் கொழும்பிலிருந்து வருகிறார் என்று கேள்விப்பட்டதும்தான் எங்கள் படலையைத் திறந்தார்.

அப்பாவிடம் இருந்த பழைய உளிகள் மூன்றுதான். மற்றதெல்லாம் மாமா கடையில் வாங்கிய புதுசு. அப்பாவின் உளிகளில் இருந்த இங்கிலீசு எழுத்துகளைப் பார்த்து, வெல்டிங் கடையில் கொடுத்துப் புதுசிலும் அதே எழுத்துகளை அடிப்பித்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கருவாட்டுத் தண்ணீர் நின்ற பரலுக்குள் போட்டார், கறள் பிடித்துப் பழசாகத் தெரியட்டும் என்று.

மூடியைத் திறந்தேன். செதிலும் குடலும் மிதந்தன. ஓரத்தில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"உதுக்குள்ள அப்பாவின்ரயையும் ஏன் போட்டனீங்கள்?"

"எல்லாம் ஒரே பெட்டியில கிடந்த மாதிரித் தெரியவேணும், பிள்ளை. இல்லாட்டி அந்த மனுசன் பிடிச்சிடுவார்."

குசினிக்குள் இருந்து அம்மா கத்தினார். "செத்த மனுசனுக்கு மூக்கில்லை எண்டு நினைச்சியோ?"

"அக்கா, கொழும்பு ஆக்களுக்கு நாத்தம்தான் வயசு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

புதுசுகளுக்குப் பழைய பிடி இல்லை என்று அப்பாவின் பூவரசம் பிடிகளையும் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டார். அவருடைய பெருவிரல் பட்டுப் பட்டுக் குழிந்த பிடிகள். அவை இருந்திருந்தால் எது அப்பாவின் உளி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு உளி. அகலமானது. அப்பா கடைசியாகத் தீட்டியது. கேட்டேன்.

"முதல்ல அவர் பாக்கட்டும். மிஞ்சினா எடு," என்றார் மாமா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீசு எழுத்து வராது. ஆனால் அப்பா தீட்டும்போது தண்ணீர் ஊற்றினது நான்தான். பழைய உளி முழுக்க ஒரே இரும்பில்லை. மெதுவான இரும்பில் மெல்லிய உருக்குத் தகட்டை வைத்து அடித்து ஒட்டியிருப்பார்கள். தீட்டினால் வாயோரத்தில் அது வேறு நிறமாகக் கோடுபோலத் தெரியும். அப்பா அதைப் பாலாடை என்பார். "பாலாடை தெரியுது பார், இனிக் காணும்," என்று கல்லை எடுத்து வைப்பார். கடையில் வாங்கினதில் பாலாடை இல்லை.

அந்த மனிதர் வந்தார். மாமா எங்கிருந்துதான் கண்ணீரைக் கொண்டுவந்தாரோ தெரியாது.

"உயிர் போகேக்கையும் அத்தான் உளியைத்தான் கேட்டவர், சேர்."

அப்பாவின் வாயில் குழாய் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தது நான்.

அந்த மனிதர் பெருவிரலில் எச்சிலைத் துப்பினார். ஒவ்வொரு உளியாகத் தேய்த்தார். கண்ணாடி வைத்து எழுத்துப் பார்த்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், "ஆகா, கடல் காத்து!" என்றார். அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

புதுசுகளை விலைக்கு எடுத்தார். அப்பாவின் இரண்டில் எழுத்து மிச்சமிருந்தது. அவற்றையும் எடுத்தார். அகலமான உளியின் எழுத்து முன்பே தேய்ந்தது. மீதியை உப்புத் தின்றிருந்தது.

"இதில ஒண்டுமில்ல. உள்ளூர்ச் சாமான்," என்று மணலில் போட்டார்.

அவர் எச்சிலால் தேய்த்த இடத்தில் பாலாடை தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குனிந்து எடுத்திருப்பார். கடையில் வாங்கினதைக் காட்டிக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்திருப்பார். வாயை மூடிக்கொண்டு காலால் உளியின் மேல் மணலைத் தள்ளினேன்.

வாகனம் போனதும் மாமா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையிலும் அதே நாற்றம்.

"கெட்டிக்காரி. மூச்சு விடேல்லை. அடுத்தமுறையும் பக்கத்தில நில்லு. உன்ர அழுத மூஞ்சி நல்லா எடுபடுது."

தனக்காகத்தான் நான் பேசாமல் நின்றேன் என்று நினைத்துவிட்டார். அதைவிட அருவருப்பான ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"கையை எடுங்கோ," என்றேன்.

உளியைத் தோண்டி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதலில் தலையைக் கழுவினேன். பிறகுதான் உளியை.