பக்தவத்சலத்துக்குப் பதிலாக விசாலம்

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் பக்தவத்சலத்தைப் புனேயின் கோர்படிப் பேட்டையில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது லக்ராஸ். வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் அதற்கு மாநிலச் சங்கம், மேலே தேசியக் கூட்டமைப்பு, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, ஓட்டுக்கு நூறு அரசியல் எல்லாம் உண்டு. மாநிலச் செயலாளர் இவர்தான்.

மூன்று தவணைக்கு மேல் ஒருவரே பதவியில் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. மற்ற மாநிலத்துக்காரர்கள் செய்ததையே இவரும் செய்தார்: மனைவி விசாலத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். அடுத்த தேர்தலில் இவரைத் தேசியத் துணைத்தலைவராக்குவதாகக் கூட்டமைப்புத் தலைவர் ரவிசந்திரன் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை மாநில ஓட்டு தலைவர் பக்கம் விழ வேண்டும். பக்தவத்சலம் அதற்குள் 'துணைத்தலைவர்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துவிட்டார்!

அந்த வருஷப் பொதுக்குழு புனேயிலேயே கூடியது. இந்திய அணியைத் தலைவர் கைகாட்டித் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, முன்னாள் ஆட்டக்காரர்கள் குழுவிடம் விட வேண்டும் என்று ஒரு தீர்மானம்.

"எதிர்ப்பவங்கன்னு கேக்கும்போது கை தூக்கு. வேற வாயே திறக்காத," என்று ரிக்‌ஷாவில் பாடம் நடத்தினார். விசாலம் தலையை ஆட்டினாள்.

அவள் பெண்கள் அணிக்கு மேலாளராக ஊர் ஊராக ரயிலில் போய்வந்தவள். எரவாடாப் பெண் ஜான்சி, கோல்கீப்பர், போன தேர்வு முகாமில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டாள். இடம் தலைவரின் அண்ணன் மகளுக்குப் போயிற்று. ஜான்சி திரும்பும் ரயிலில் வழியெல்லாம் விசாலத்தின் மடியில் படுத்து அழுதுகொண்டே வந்தாள். "இதெல்லாம் சகஜம்" என்று பக்தவத்சலம் அப்போது தட்டிக்கழித்துவிட்டார்.

பதவியில் இல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை. கூடத்துக்கு வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் "ஆதரிப்பவர்கள்" என்றதும் விசாலத்தின் கை மேலே போனது. அடிப் பாவி! அவசரப்பட்டுவிட்டாள் என்று பதறிக் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். பார்த்தும் கையை இறக்கவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வந்த ரவிசந்திரன் இவரைக் கண்டும் காணாத மாதிரிப் போனார். துணைத்தலைவர் பதவி அதோடு போயே போய்விட்டது. விசாலம் வெளியே வந்ததும் பக்தவத்சலம் வழியை மறித்தார்.

"யாரைக் கேட்டுக் கை தூக்கின?"

"ஓட்டு எனக்குத்தானே? என்னைத்தான் கேட்டேன்," என்றாள் விசாலம்.