மஞ்சள் தண்ணியில் சிவந்த வாழ்த்து

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, எங்க ஊரான லாயாங் லாயாங்கில, எங்க வீட்டு வாசல்ல நடந்தது இது.

அப்ப என் மகளுக்கு ஆறு வயசு. வீட்டுக்குள்ள வாய் ஓயாது, வெளியாளைக் கண்டா ஊமைக்கோட்டான். "அடுத்து ஒண்ணாம் வகுப்புங்க, இப்படியே இருந்தா கஷ்டம்"னு பாலர் பள்ளி டீச்சர் சொன்னதுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல. அவளை யாராவது ஏதாவது கேட்டா, பாவம்னு நானே முந்திக்கிட்டு பதில் சொல்லிடுவேன். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம்.

லீவுல புள்ளைங்க கைப்பேசியே கதின்னு கிடக்குதுங்களேன்னு, பக்கத்து வீட்டு மலாய்ப் பசங்க ரெண்டு பேரு, எதிர்வீட்டுச் சீனப் பொண்ணு, என் மக, நாலு பேரையும் உட்கார வச்சேன். ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு, பஞ்சுக் குச்சியால வெள்ளைத் தாள்ல தீபாவளி வாழ்த்து எழுதணும். எழுதினது தெரியாது. மேல மஞ்சள் தண்ணி பூசினா எழுத்து மட்டும் செக்கச்செவேல்னு வரும். "மேஜிக் பாருங்க!"ன்னு பெருசா பீத்திக்கிட்டேன்.

பூசினா, தாள் முழுக்க மஞ்சள்தான். எழுத்தைக் காணோம். பசங்க ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிக்குதுங்க. சமையலறைக்கு ஓடி டப்பாவைப் பாத்தா, அலமாக்! முறுக்கு சுடுற அவசரத்துல கேக்குக்குப் போடுற பேக்கிங் பவுடரை எடுத்திருக்கேன். அதுல புளிப்பும் கலந்திருக்கும், மஞ்சள் எங்க சிவக்கும்? ஆப்ப சோடா வீட்டுல துளிகூட இல்ல. மானம் போச்சுன்னு வெளிய வந்து, எல்லாத்தையும் எடுத்து வைக்கப் போனேன்.

"அம்மா, சுண்ணாம்பு!" என் மக எழுந்து நின்னு கத்துறா. "பாப்பாவுக்கு ஆரத்தி எடுத்தீங்கல்ல, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் சிவப்பாச்சே!"

அதுக்கு முந்தின வாரம்தான் என் தம்பிக்குப் பொறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டி வந்தாங்க. நான் ஆரத்தி கரைச்சதை இவ பக்கத்துல நின்னு பாத்திருக்கா. எத்தனை தடவை கரைச்சிருப்பேன், எனக்கு உறைக்கலையே!

வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைச்சேன். சின்னக் கை வெந்துடும்னு நானே எழுதினேன். மஞ்சள் தண்ணியை அவ பூசினா. வந்துச்சு பாருங்க, ரத்தச் சிவப்பா வாழ்த்து! "லாகி, லாகி!"ன்னு பசங்க குதிக்குதுங்க, இன்னொரு தடவை வேணுமாம்.

எப்படி வந்துச்சுன்னு சீனப் பொண்ணு கேட்டா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, என் மக அரைகுறை மலாய்ல, இது மஞ்சள், இது சுண்ணாம்பு, ரெண்டும் சேந்தா சிவப்புன்னு விளக்கம் சொல்றா! சுண்ணாம்புல கை வைக்க வந்த பையனுக்கு அதட்டல் வேற. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்தே வந்துச்சு.

இப்ப ஒண்ணாம் வகுப்பு டீச்சர், "உங்க பொண்ணு பேச்சை நிறுத்தவே மாட்டேங்குறா"ன்னு புகார் சொல்றாங்க. கேக்கவே தேனா இனிக்குது. நான் தோத்துப் போய் எல்லாத்தையும் எடுத்து வைக்கப் போன அந்த ஒரு நிமிஷத்துலதான் அவளுக்குப் பேச இடம் கிடைச்சதுன்னு நெனச்சு, இன்னிக்கும் அவளை யாராவது கேள்வி கேட்டா, பல்லைக் கடிச்சுக்கிட்டு நான் சும்மா இருக்கேன்.